ஓடித் தீரட்டும்

அவர் படத்தை நிறுத்தமாட்டார். அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யார் பேச்செடுத்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மழை பெய்தாலும், காற்று திரையைப் பிய்த்தாலும், மேடையில் இருக்கிற பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கத்தினாலும், சுருள் ஓடத் தொடங்கிவிட்டால் கடைசிவரை ஓடும். "தொடங்கியாச்சுல்லா? ஓடித் தீரட்டும்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பெயரை எழுதப்போவதில்லை. பாறசாலைப் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடுகள் இன்றும் உண்டு. நாங்கள் படக்காரர் என்றே கூப்பிட்டோம்.

பட்டாளத்தில் சிப்பாய்களுக்குப் படம் காட்டுகிற பிரிவில் இருந்தவர். சண்டை முடிந்து ஊருக்கு வரும்போது, பட்டாளம் கழித்துப்போட்ட ஒரு படம் காட்டும் எந்திரத்தையும் பெட்ரோலில் ஓடுகிற ஜெனரேட்டரையும் கொண்டுவந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு நூலகத்தில் வட்டத் தகரப் பெட்டிகளில் படச்சுருள் இரவல் கொடுப்பார்கள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். கதைப் படம் ஒன்றும் கிடையாது. மலை ஏறுகிறவர்கள், தோணியில் காட்டாற்றைக் கடக்கிறவர்கள், மரம் வெட்டி மொட்டையான குன்று மழையில் கரைந்து போவது, பறவைகள் கடல் தாண்டுவது, இப்படிப்பட்டவைதான். "ஒரு பாட்டு கூட இல்லியா?" என்று முதல்நாள் கேட்டவர்கள்தான் அடுத்த மாதமும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

படத்தில் பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "மிஷினை விட்டு எனக்கு நகர ஒக்காது. நீங்க பக்கத்தில இருந்து சனத்துக்குச் சொல்லிக் குடுங்க டீச்சரே" என்று கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன், உத்தரவுதான். தகரத்தில் செய்த ஒரு ஊதுகுழலை என் கையில் திணித்தார். நான் அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து முதலில் தமிழில் சொல்வேன், பிறகு மலையாளத்தில். ஒன்றைத் தவறவிட்டவர்கள் மற்றதில் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் திரையைப் பார்த்து நான் கண்டதில்லை. பசுமாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி எந்திரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் ஒரு நூல் பிசகினாலும் விரல் போய்த் திருகும். எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. நான் விளக்கம் நீட்டினால் "குன்று கரைஞ்சு முடிஞ்சாச்சு, நீங்க இன்னும் மரம் வெட்டிட்டு இருக்கீங்க" என்று முணுமுணுப்பார். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை.

பொழியூர்க் கடற்கரையில் ஒருமுறை தோணிப் படம் காட்டினோம். வெள்ளைக்காரர்கள் துடுப்பைப் பிடித்த விதத்தைப் பார்த்து மீன்பிடிக்கிறவர்களுக்குப் பொறுக்கவில்லை. "எலே, தண்டை இடப்பக்கம் போடு! கவுந்துரும்லே!" என்று திரையைப் பார்த்துக் கூச்சல். தோணி கவிழ்ந்ததும் "சொன்னோம்ல, கேட்டானா?" என்று எழுந்தே நின்றுவிட்டார்கள். அடுத்த சுருளில் ஏதோ தேசத்தில் கடல் கரையைத் தின்று வீடுகளைச் சாய்க்கிறது. அந்தக் கூட்டத்தில் அதன்பிறகு சத்தமே இல்லை. அவர்களுடைய கடலும் அன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அலை ஜெனரேட்டரைத் தொடப் போகிறது என்று யாரோ கத்தினார்கள். படக்காரர் எந்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நாலு பேர் ஜெனரேட்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நிற்க, படம் ஓடித் தீர்ந்தது.

ஆரியங்கோட்டில் குன்று கரைகிற படத்தைக் காட்டியபோது, அப்போதுதான் காட்டை வெட்டி ரப்பர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர், தன்னைக் குத்திக்காட்டவே இதைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று ஆட்களை ஏவினார். ஒருவன் வெட்டுக்கத்தியை எந்திரத்தின் மேலேயே வைத்தான். படக்காரர் அந்தக் கத்தியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுத் திருகை முடுக்கினார். "தீந்த பொறவு வெட்டு. இனி கொஞ்சம்தான் உண்டு" என்றார். தீர்ந்தபிறகு வெட்டுகிற எண்ணம் அவனுக்குப் போய்விட்டது. இதையெல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சிரிக்க முடியாதது கள்ளிக்காட்டில் நடந்தது. அவர் மனைவிக்கு நெடுநாளாக மூச்சுத்திணறல். பறவைப் படம் பாதி ஓடியபோது அவருடைய மச்சினன் சைக்கிளை மிதித்து மூச்சிரைக்க வந்து, "அத்தான், அக்காவுக்கு ரொம்ப இழுக்குது. உடனே வரணும்" என்றான். எனக்குக் கேட்டது. குழலைக் கீழே வைத்துவிட்டேன்.  படக்காரரின் கை எந்திரத்தின் மேல் அப்படியே இருந்தது. "போங்க. நான் இதை யாரையாவது வைச்சுக் கட்டிப் பத்திரமா அனுப்புதேன்" என்றேன். "சொல்லுங்க டீச்சரே, பறவை கடலுக்கு மேல வந்தாச்சு" என்றார். சுருள் தீர்ந்தபிறகுதான் சைக்கிளின் பின்னால் ஏறினார். அவர் போய்ச் சேருவதற்குமுன் அந்த அம்மாள் போய்விட்டாள்.

கல்நெஞ்சன் என்று என் அம்மை சொன்னாள். ஊரே சொன்னது. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்த படத்துக்கு நான் போகவில்லை. அவர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை நான்.

"பர்மாப் பக்கத்தில ஒருநாள் பாதிப் படத்தில விமானம் வந்துட்டுது. விளக்கை அணைச்சுப் போட்டேன். மறுநாள் பயலுவ எல்லாம் முன்னணிக்குப் போனானுவ. போற வழியில ஒவ்வொருத்தனும் எனக்கிட்ட, அண்ணே, பொறவு என்னாச்சு, பொறவு என்னாச்சுண்ணு கேட்டான். வந்து காட்டுதேன் மக்கான்னு சொன்னேன். திரும்பி வரல்ல ஒருத்தனும்." போகத் திரும்பியவர் நின்றார். "அவ போவான்னு எனக்குத் தெரியாது டீச்சரே. எப்பவும் இழுக்கும், பொறவு சரியாவும்."

நான் குழலை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். ஆனால் மனம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஊர் அதிகம் கேட்டு வாங்கியது பனிமலைப் படம். முதுகில் மூட்டையும் கையில் கோடாலியுமாக நாலைந்து பேர் ஏறுவார்கள். ஒவ்வொருவராக நின்றுபோக, கடைசியில் ஒருவன் மட்டும் உச்சிக்குப் போவான். பனை ஏறுகிற ஞானமுத்து என்று ஒருவர் தவறாமல் முன்வரிசையில் இருப்பார். "காலுக்கு முள்ளுச் செருப்பு, இடுப்புக்குக் கயிறு, பிடிக்க நாலு ஆளு. இவ்வளவும் உண்டெங்கி எங்க அம்மையும் ஏறுவா" என்று நையாண்டி செய்வார். ஆனால் உச்சி நெருங்க நெருங்க அந்த மனிதரின் வாய் அடைத்துப்போகும். காற்றில் ஆடுகிற பனையில் நின்று பாளை சீவுகிறவர், வெள்ளைக்காரன் கடைசிப் பாறையில் கை வைக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "டீச்சரே, ஏறிட்டானா?" என்று கேட்பார். நான் குழலில் "ஏறிட்டான்!" என்று சொன்னால்தான் கண் திறக்கும். எத்தனை தடவை பார்த்த படமானாலும் இது மாறாது. பிறகு கூட்டமே என் "ஏறிட்டான்" வருவதற்காகக் காத்திருந்து கைதட்டும்.

அதற்குள் எல்லைப் போராட்டம் வந்துவிட்டது. தமிழ் பேசுகிற தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று தெற்கே தொடங்கியது எங்கள் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கும் வந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போவோமா இந்தப் பக்கம் நிற்போமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஊர்வலம், அடி, துப்பாக்கிச் சூடு, செத்தவர்கள் என்று செய்தி வந்தபடி இருந்தது. என் தம்பி ஊர்வலத்தின் முன்னால் கொடி பிடித்துப் போனவன். போலீஸ் தேடத் தொடங்கியதும் ஊரைவிட்டு மறைந்தான். கூட்டம் கூடத் தடை. ஆராதனைக்குக் கோயிலில் கூடலாம். மலையும் பறவையும் காட்டுகிற படம்தானே என்று படக்காரருக்கும் அனுமதி கிடைத்தது. அதற்காக அவர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். இன்ஸ்பெக்டரோடு நின்று பீடி குடிப்பதையும் சனம் பார்த்தது.

வேறெங்கும் கூட முடியாத சனம் அந்த இருட்டில்தான் கூடியது. பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே திரை. படம் ஓட, பின்வரிசையில் காதோடு காதாகச் செய்தி கைமாறும். படக்காரருக்கு அது தெரியும். "மலையைப் பாக்க வாறவன் மலையைப் பாக்கட்டும், மத்தவன் மத்ததைப் பாக்கட்டும்" என்பார்.

அன்று அந்தி மயங்கியதும் பனிமலைப் படம் தொடங்கியது. என் தம்பி வந்திருந்தான். அம்மையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். தலையில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்து ஓரத்தில் அம்மையின் காலடியில் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியும், படக்காரருக்கும் தெரியும். அம்மை அவனுக்குச் சோற்றுப்பொதி கொண்டுவந்திருந்தாள்.

மலை பாதி ஏறியிருக்கும். மதிலோரம் தொப்பிகள் தெரிந்தன. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றிப் போலீஸ். எழப் போனவர்களை லத்தியால் அமுக்கி உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் நேராக எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் ஒன்றும் இல்லை, சாவகாசமாகவே சொன்னார்.

"நிர்த்தண்டா. ஓடட்டெ. மஞ்ஞு வரும்போள் எல்லாவருடெயும் முகம் காணாமல்லோ."

நிறுத்தவேண்டாம், பனி வரும்போது எல்லார் முகமும் தெரியும் என்கிறார். அவர் சொன்னது உண்மை. மலை உயர உயரத் திரை வெளுக்கும். உச்சிக்கு முன்னால் ஒரு இடத்தில் பனியைத் தவிர ஒன்றும் இருக்காது, மைதானத்தில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். அந்த வெளிச்சத்தில் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கப்போகிறார்கள்.  குழல் கையில் இருக்கிறது, வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் ஞானமுத்து ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டார்.

நான் படக்காரரைப் பார்த்தேன். அவர் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. வழக்கம்போல் கையை வைத்துக்கொண்டு நின்றால் போதும். வெட்டுக்கத்திக்கும் கடலுக்கும் மனைவியின் மூச்சுக்கும் நிறுத்தாத மனிதரிடம் நான் எதைக் கேட்பது?

"டீச்சரே, ஏறிட்டானா?" என்றார் ஞானமுத்து.

படக்காரரின் விரல் சுருள் போகிற பாதைக்குள் போனதை நான் கண்டேன். விளக்கின் சூட்டுக்கு முன்னால் விரலை விட்டுச் சுருளை அழுத்திப் பிடித்தார். எந்திரம் கேவியது. மலை நின்றது. வெள்ளைப் பனியின் நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்து, கொப்புளித்து, ஏறுகிறவனைத் தின்றுகொண்டு விரிந்தது. "தீ! தீப்பிடிச்சு! எல்லாரும் ஓடுங்க!" என்று அவர் அலறி, ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கி எறிந்தார். இருட்டிவிட்டது.

அதன்பிறகு காதால் கேட்டதுதான். சனம் ஓடியது, போலீஸ் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு லத்தி வீசியது. விளக்கு ஏற்றிப் பார்த்தபோது தம்பி இல்லை. பாய்களும் செருப்புகளும் அம்மையின் சோறும் சிதறிக் கிடந்தன. ஞானமுத்து திரைக்குக் கீழே கிடந்தார். கண் மூடியிருந்த மனிதருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. வலது தோளெலும்பு முறிந்து உள்ளே போயிருந்தது. அந்தக் கை அதற்குப்பிறகு தோளுக்குமேல் எழவில்லை. பனை ஏறுவது அன்றோடு போயிற்று.

படக்காரரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சுருள் சிக்கிவிட்டது, தீ என்று பயந்து கரண்டைப் பிடுங்கினேன் என்ற ஒரே வார்த்தையில் நின்றார். திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. எந்திரத்தைக் காதால் ஓட்டியவர் அவர். வலது ஆள்காட்டி விரல் நுனி வெந்து கறுத்திருந்தது.

"நான் பாத்தேன்" என்றேன்.

"படம் சிக்கிச்சு டீச்சரே. நீங்க ஒண்ணும் பாக்கல்ல."

ஊர் வேறுவிதமாகப் பார்த்தது. இன்ஸ்பெக்டரோடு பீடி குடித்தவன். பெண்டாட்டி சாகும்போதும் நிறுத்தாதவன், இன்ஸ்பெக்டர் அவன் காதில் என்னமோ சொன்ன கொஞ்சநேரத்தில் நிறுத்தினான். சனத்தை உட்காரவைத்து, விளக்கை அணைத்து, அடிக்க விட்டுக்கொடுத்தான். இப்படிப் பேசினார்கள். ஞானமுத்துவின் மனைவி படக்காரர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் வாயைத் திறந்தால், அவர் வேண்டுமென்றே செய்தார் என்று ஸ்டேஷனுக்கும் தெரிந்துவிடும், பிறகு ஜெயில்தான். சொல்லவும் முடியாது, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. அந்த மாதங்களில் நான் சோறு தின்றதாகவே நினைவில்லை.

நூலகத்துக்காரர்கள் கருகிய சுருளை அவர் தலையிலேயே கட்டிவிட்டு, இனி வரவேண்டாம் என்றார்கள். அவர் கருகிய துண்டை வெட்டி எறிந்து இரண்டு நுனிகளையும் ஒட்டி வைத்தார். ஒரு மாலை மைதானத்தில் திரை கட்டினார். ஒருவரும் வரவில்லை.

பிறகு எல்லை போட்டார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். வழக்குகளையும் கைவிட்டார்கள். தம்பி மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டிக் குடியேறினான். கூட்டங்களில் அவனுக்கு மாலை போடுவார்கள். நான் அங்கே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒருமுறை வந்து ஊரில் நாலு பேர் கேட்கச் சொல் என்றேன். 

"அக்கா, போலீஸ் வளையத்தை உடைச்சிட்டு நான் ஓடினேன்னாக்கும் எல்லா மேடையிலயும் ஆளுவ சொல்லுகினும். இப்போ போய், ஒருத்தர் வெளக்கை அணைச்சதுனால தப்பிச்சேன்னு சொன்னா எல்லாரும் என்னையில்லா கேலி செய்வினும்?" என்றான்.

என் கூடப்பிறந்தவன். அவன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

படக்காரரிடம், "ஞானமுத்துகிட்டயாவது நான் சொல்லட்டா?" என்று கேட்டேன். காது கேட்காததால் இரண்டுதரம் கேட்கவேண்டியிருந்தது.

"என்னான்னு சொல்லுவீங்க? உனக்கத் தோளு தெரியாம ஒடியல்ல, தெரிஞ்சே வெளக்கை அணைச்சாருண்ணா? டீச்சருக்க தம்பிக்காகண்ணா?" என்றார்.  நான் அதுவரை யோசிக்காதது அது. உண்மையைச் சொன்னால் ஊரில் மற்ற எல்லாரிடமும் அவர் பழி தீரலாம், அந்த ஒரு வீட்டில் கூடத்தான் செய்யும்.

ஆனாலும் ஒரு மாலை எந்திரத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. வண்டி ஞானமுத்துவின் முற்றத்தில் நின்றது. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள், விரட்டவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. படக்காரர் எதிர்ச்சுவரில் வேட்டியைக் கட்டினார். ஜெனரேட்டர் ஓடியது. சத்தம் பிசகுவது அவருக்குத் தெரியாததால் நான் கேட்டுச் சொல்லச்சொல்லத் திருகினார்.

நான் குழலை எடுக்கவில்லை, வாயால் மெல்லச் சொன்னேன். ஏறினார்கள். ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். சுவர் வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் ஞானமுத்துவின் முதுகும் ஒருபக்கம் சரிந்த தோளும் தெரிந்தன. சரிவில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தவன் ஒரு குதியில் உச்சியில் நின்றான். நடுவில் உள்ளது கருகிப்போனதுதான்.

"ஏறிட்டானா?" என்று ஞானமுத்து கேட்டார். திரும்பவில்லை.

"ஏறிட்டான்" என்றேன்.



"செரி. இனி இந்தப் பெட்டியோட இங்கோட்டு வரப்பிடாது" என்றார் ஞானமுத்து.

படக்காரர் விளக்கை அணைத்தார். சுருள் தீரவில்லை, அவர்கள் மலையிலிருந்து இறங்கி வருகிற பாகம் முழுக்க மிச்சம் இருந்தது.

"இன்னும் உண்டே" என்றேன், அவருடைய கேட்கிற காதுப் பக்கம் குனிந்து.

"மதி டீச்சரே, போதும்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் கட்டிய வேட்டியை அவிழ்க்கப் போனார்.